குட்டி யானையை மரக்கிளை கழிக்கும் வண்டியாக்குவது

ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம்: குட்டி யானை எனப்படும் டாட்டா ஏஸின் பின்தட்டு இவ்வளவுதான். கிளை கழிக்கும் வேலைக்கு இதுவே போதும், சந்துக்குள் நுழையும்.

முதலில் எடையைப் பாருங்கள். தழை தட்டை அடைக்குமே தவிர கனக்காது. பச்சைக் கட்டை அப்படியல்ல. ஓர் அடி உயரம் அடுக்கினாலே அரை டன்னைத் தொட்டுவிடும். வண்டி தாங்குவது சுமார் முக்கால் டன், அதில் கருவிகளும் அடக்கம். அதனால் தட்டின் உட்புறம் ஓரடி உயரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். கட்டை அதற்குக் கீழே, தழை மேலே. தழை சிதறாமலிருக்க இரும்புச் சட்டத்தில் கம்பிவலை அடித்தேன். தகரம் வீண் கனம்.

மரமேறும் கயிற்றுக்குத் தனிப் பெட்டி கட்டாயம். முதல் வருடம் சங்கிலி ரம்பத்தோடு சேர்த்துப் போட்டேன். பெட்ரோல் கசிந்து, புதுக் கயிற்றில் நாலு முழம் நனைந்துவிட்டது. உயிரைத் தாங்கும் கயிறாயிற்றே, துவைத்துப் பார்க்க மனம் வரவில்லை. முழுவதையும் தூக்கி எறிந்தேன். இப்போது கயிறும் இடுப்புவாரும் ஓட்டுநர் பக்கம், ரம்பமும் எண்ணெயும் எதிர்ப்பக்கம். பெட்டியின் அடியில் நான்கு துளை போடுங்கள், மழைநீர் வடியும்.

ஏணி கூரைமேல். முதலுதவிப் பெட்டி கதவோரம், பூட்டில்லாமல்.