காந்த, மின்சாரச் சோதனைகளுக்கு என்ன வாங்குவது, எந்தக் கடையில் கேட்பது?

கடையில் விற்கும் அறிவியல் பெட்டிகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் கம்பியும் வலுக் குறைந்த ஒரு காந்தமும்தான் இருக்கும். ஒரு சோதனையோடு பிள்ளைகள் ஓய்ந்துவிடுவார்கள். உங்கள் ஊர் வைண்டிங் கடை, ஹார்டுவேர் கடை, காயலான் கடை மூன்றையும் சுற்றினால் ஒரு வகுப்புக்கே போதுமான பொருள் சேரும். என்ன கேட்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

1. செப்புக் கம்பி

மோட்டார் வைண்டிங் கடையில் “28 கேஜ் காப்பர் வைண்டிங் வயர், 100 கிராம்” என்று கேளுங்கள் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்). எடை போட்டுத்தான் தருவார்கள். இந்தத் தடிமனில் 100 கிராம் என்பது ஏறக்குறைய 100 மீட்டர். மின்விசிறிக்குச் சுற்றும் கம்பி இதைவிட மெல்லியது, சிறுவர் கையில் அறுந்துவிடும்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அலுமினியக் கம்பியும் அதே கடையில் இருக்கும், மின்சாரம் கடத்தாத எனாமல் பூச்சோடு பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. நுனியைச் சுரண்டிப் பாருங்கள்: வெள்ளையாக மின்னினால் அலுமினியம். அடுத்து, எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய கம்பியைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பூச்சு கருகியிருப்பதால் சுற்றுக்குச் சுற்று ஒட்டி மின்சாரம் குறுக்கே பாயும்; காந்தம் வலுக்காது.

புதியவர்களுக்கு அதிகம் காலை வாருவது இந்தப் பூச்சுதான். கம்பி பளபளப்பாக இருப்பதால் வெறும் செம்பு என்று நினைத்து அப்படியே பேட்டரியில் வைப்பார்கள், ஒன்றும் நடக்காது. இரு நுனியிலும் 2 செ.மீ. அளவுக்கு உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து, இளஞ்சிவப்புச் செம்பு தெரிந்த பிறகே இணைக்க வேண்டும்.

2. மின்காந்தத்துக்கு இரும்பு

கம்பியைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சிக் காந்தமாக்க, 3 அங்குலச் சாதாரண ஆணி போதும். கான்கிரீட் ஆணி வேண்டாம். அது கடினமாக்கிய எஃகு என்பதால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குண்டூசியை விடாது. ஆணியைவிட நல்லது, கட்டடக் கம்பி கட்டப் பயன்படும் கட்டுக் கம்பி. பதப்படுத்திய மென்மையான இரும்பு அது. 8 செ.மீ. துண்டுகளாக வெட்டி, பென்சில் தடிமனுக்குக் கட்டாக்கி, டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

28 கேஜ் கம்பியில் 5 மீட்டர் எடுத்தால் ஆணியில் இரண்டு அடுக்காக ஏறத்தாழ 300 சுற்று வரும். அதன் மின்தடை முக்கால் ஓம். ஒரு 1.5 வோல்ட் பேட்டரிக்கு இதுவே அதிகச் சுமைதான். ஐந்து, பத்து விநாடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள். அரை மீட்டர் கம்பியைச் சுற்றினால் தடை 0.1 ஓமுக்கும் கீழே போய்விடும். கம்பியும் பேட்டரியும் கை சுடும். செல்போன், பவர்பேங்க் லித்தியம் பேட்டரிகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது, தீப்பிடிக்கும்.

3. காந்தங்கள்

காயலான் கடையில் பழைய ஸ்பீக்கர் கேளுங்கள். பின்புறம் உள்ள கறுப்பு வளையம் ஃபெரைட் காந்தம். துருவங்கள் இரு தட்டையான முகங்களில் இருக்கும். அதன் இருபுறமும் ஒட்டியுள்ள இரும்புத் தகடுகள் காந்தப் புலத்தை நடு இடுக்குக்குள் இழுத்துக்கொள்வதால், ஒரு தகட்டையாவது நெம்பி எடுத்தால்தான் வெளியே வலு தெரியும். சுத்தியலால் அடித்தால் பீங்கான் மாதிரி உடையும்.

பழுதான ஹார்டுடிஸ்கில் நியோடிமியம் காந்தங்கள் கிடைக்கும். மிகுந்த வலு உள்ளவை, ஆனால் பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும். சிறு குழந்தை இரண்டை விழுங்கினால், குடலின் இரு பகுதிகளை நடுவில் நெரித்து ஓட்டை போட்டுவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் அருகிலும் கொண்டுபோக வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பைக் காந்தத்துக்காகப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

4. விளக்கு, பேட்டரி, இணைப்பு

சென்னையில் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடை:

- இரண்டு பென்டார்ச் பேட்டரி பிடிக்கும் ஹோல்டர்
- குரோக்கடைல் கிளிப் 10
- 5 மி.மீ. சிவப்பு எல்இடி 10
- 100 ஓம் ரெசிஸ்டர் 10

சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் தேவை. ஒரே பேட்டரியில் எரியாது. இரண்டை வரிசையாக இணைத்து, மின்சாரத்தை மட்டுப்படுத்த எல்இடியோடு வரிசையில் ரெசிஸ்டர் ஒன்றையும் போடுங்கள். எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ் பக்கம். இழை உள்ள பழைய டார்ச் பல்பு அகப்பட்டால் விடாதீர்கள்: பேட்டரியை மாற்றிப் போட்டாலும் எரியும் என்பதால் முதல் மின்சுற்றுக்கு அதுதான் தோது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் எந்தச் சோதனையிலும் வேண்டாம்.

5. இரும்புத் தூள், திசைகாட்டி

லேத் பட்டறைத் துருவலில் எண்ணெயும் பித்தளையும் கலந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இரும்பை மட்டும் பிரியுங்கள். பையைக் கழற்றினால் தூள் தானாக உதிரும். ஆற்று மணலில் பையை இழுத்தாலும் கறுப்புத் தூள் ஒட்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக் கறுப்பு மணலைத் தவிர்த்துவிடுங்கள், அதில் கதிரியக்கம் உள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் உண்டு.

திசைகாட்டியை நியோடிமியம் காந்தத்தோடு ஒரே டப்பாவில் வைத்தால் முள்ளின் துருவமே மாறிவிடக்கூடும். அப்படி மாறியதை மீட்க, முள்ளின் நடுவிலிருந்து வடக்கைக் காட்ட வேண்டிய நுனி நோக்கி, காந்தத்தின் தென்துருவத்தால் ஒரே திசையில் கண்ணாடி மேல் சில முறை இழுத்துப் பாருங்கள்.