கருவில் மரபணுச் சோதனை: புதிய டாக்டர்கள் விடும் தவறுகள்

ரத்த மாதிரிக் குழாயில் பெயர் எழுத மறப்பது, படிவத்தில் கையெழுத்து விடுபடுவது எல்லாம் தானாகத் திருந்திவிடும். குமரி மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மகப்பேறு, குழந்தைகள் பிரிவுகளுக்குப் புதிதாக வரும் டாக்டர்கள் செய்யும், கீழே சொல்லும் தவறுகள் அப்படித் திருந்துவதாகத் தெரியவில்லை.

மூத்த குழந்தையின் ரத்தத்தை எடுத்து வைக்காமல் விடுவது

இதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. குளச்சல் பக்கத்துத் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை கைகால் துவண்டு, ஐந்தாம் மாதம் மூச்சுத் திணறிப் போய்விட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது 'நிமோனியா' என்ற ஒரே வார்த்தை. அடுத்த கர்ப்பம் 16 வாரம் ஆனபோது வந்து, "இதுக்கும் அப்படி வருமா டாக்டரே?" என்கிறார்கள். மூத்ததற்கு எந்த மரபணுவில் என்ன பிழை என்று தெரியாமல் கருவில் எதைத் தேடுவது?

துவண்ட குழந்தை என்பதால் முதல் சந்தேகம் எஸ்எம்ஏ, அதாவது தசைகளை வலுவிழக்கச் செய்யும் பரம்பரை நோய். அந்த நோயில் சுமார் 95 சதவீதம் பேருக்கு எஸ்எம்என்1 மரபணுவின் 7-ஆம் எக்ஸான் என்ற துண்டு இரண்டு பிரதியிலும் இருக்காது. அதனால் பெற்றோருக்கு எம்எல்பிஏ (மரபணுத் துண்டின் பிரதிகளை எண்ணும் சோதனை) செய்தால் பெரும்பாலும் பிடிபடும். அதில் ஒன்றும் இல்லையென்றால் இருவருக்கும் மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் சோதனைதான். ரிப்போர்ட் வரும்போது 20 வாரம் தாண்டியிருக்கும். பனிக்குட நீர் எடுத்து அதன் முடிவு கையில் கிடைக்க 23 வாரம். கருக்கலைப்புச் சட்டத்தின் வரம்பு 24. அதற்கு மேல் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். இவ்வளவு ஓடியும் எக்ஸோமில் நோய்க்குக் காரணமா இல்லையா என்றே சொல்ல முடியாத மாற்றம் வருவதுண்டு. மூத்த பிள்ளையின் டிஎன்ஏ இருந்தால் அதோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

தேவைப்பட்டது 2 மில்லி ரத்தம். ஊதா மூடி இடிடிஏ குழாயில் எடுங்கள். பச்சை மூடி வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும். சாதாரண ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஓரிரு நாளில் லேபுக்கு அனுப்பி டிஎன்ஏ பிரித்துவிட்டால், அதை மைனஸ் 20-இல் வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுப்பது நல்லது. ஏற்றிவிட்டால் தேதியைப் படிவத்தில் குறித்துவிடுங்கள். உயிர் போய்விட்டாலும் பெற்றோர் சம்மதித்தால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தோலைச் சுத்தமான சலைனில் எடுத்து வைக்கலாம்.

எதுவுமே எடுக்கவில்லையா? காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாட்டியிடம் கேளுங்கள். அதில் டிஎன்ஏ கிடைக்க வாய்ப்பிருக்கிறது, உறுதி சொல்ல முடியாது.

ஃபார்மலின்

திசுவைப் பதப்படுத்தும் திரவம் இது. கலைந்த கருவை அதில் போட்டால் குரோமோசோம் சோதனை அத்தோடு முடிந்தது.

'சொந்தத்தில் கட்டவில்லை' என்று எழுதிவிட்டு நிற்பது

தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் வர, கணவன் மனைவி இருவரும் கேரியராக (பிழையுள்ள ஒரு பிரதியைச் சுமப்பவராக) இருந்தால் போதும், உறவாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. 'நாலில் ஒன்று' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "ஒண்ணு போச்சு, இனி மூணும் தப்பிச்சிரும்" என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உடனே கேரியர் இல்லை என்று எழுதுவதும் சரியில்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் அந்த எண்ணும் இறங்கும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள், கணவருக்கும் சோதனை செய்யுங்கள்.

மணவாளக்குறிச்சி மணல்

கறுப்பு மணலின் கதிர்வீச்சுதான் காரணம் என்று குடும்பத்தில் யாராவது சொல்வார்கள். தலையாட்டி வைக்காதீர்கள். தலசீமியா, எஸ்எம்ஏ மாதிரியான நோய்களில் தாயும் தகப்பனும் பிழையுள்ள பிரதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். மணல் மேல் பழி போட்டுவிட்டால் சோதனைக்கு வர மாட்டார்கள்.

'என்ஐபிடி நார்மல்'

தாயின் ரத்தத்தை வைத்து டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்குச் செய்யும் ஸ்க்ரீனிங் அது. வழக்கமாகச் செய்யும் என்ஐபிடி, தலசீமியாவையோ எஸ்எம்ஏவையோ பார்ப்பதில்லை.

வாரக் கணக்கு

கருவைச் சோதிக்க நஞ்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 13 வாரம் வரை. பனிக்குட நீர் 16 வாரத்துக்குப் பிறகு, 15 முதல் 20 மில்லி. சிரிஞ்சில் முதலில் வரும் 2 மில்லியைத் தனியே ஒதுக்குங்கள், தாயின் செல்கள் அதில்தான் கலந்திருக்கும். தாயின் ரத்தத்தையும் கூடவே அனுப்பினால் கலப்பு இருக்கிறதா என்று லேபில் பார்த்துச் சொல்வார்கள். தாய்க்கு ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசியை மறக்காதீர்கள்.

ஆணா, பெண்ணா

பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் தசைச் சிதைவு நோயான டிஎம்டியின் சோதனையில் லேபுக்குத் தெரிந்துவிடும். கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டாரிடம் சொல்லக் கூடாது. நோய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் ரிப்போர்ட்டில் வர வேண்டும்.