பால் கொடுக்கும் அம்மாவுக்கு முதுகுவலி: நாம் செய்யும் தவறுகள்

மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி என்று எங்கள் ராமநாதபுரம் கரையோரத்தில் பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டில் பால்சுறாப் புட்டு கட்டாயம் உண்டு. பால் நன்றாக ஊற வேண்டும் என்று எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். அந்தப் பாலைக் கொடுக்கும்போது அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் யாரும் கவனிப்பதில்லை. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு 20 நிமிடம் என்றாலும் கிட்டத்தட்ட 3, 4 மணி நேரம் ஆகிறது. அத்தனை நேரமும் குனிந்தே இருந்தால் முதுகு என்ன ஆகும்?

முதல் தவறு அந்தக் குனிவுதான். பாயில் சம்மணமிட்டு, குழந்தையை மடியில் கிடத்தி, மார்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோகிறோம். குழந்தையைத்தான் மார்பின் உயரத்துக்குத் தூக்க வேண்டும். அதற்குக் கையை நம்பாதீர்கள், சிறிது நேரத்தில் கை இறங்கிவிடும், கூடவே தோளும் இறங்கும். மடியில் தலையணையோ மடித்த போர்வையோ வைத்து அதன்மேல் குழந்தையைக் கிடத்துங்கள். சுவரில் முதுகு முழுவதும் படியும்படி சாய்ந்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள். நாற்காலி என்றால் பாதம் தொங்கக் கூடாது, கீழே ஒரு மணைப்பலகை போடுங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட வேண்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேராக இருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் குழந்தையின் வாய் நழுவிக்கொண்டே இருக்கும், நீங்களும் குனிந்துகொண்டே இருப்பீர்கள். வாயை அகலத் திறந்து காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே போகும்படி பிடித்துவிட்டால் தலையை நிமிர்த்திக்கொள்ளலாம். குழந்தை முகத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தடவைக்கு 20 நிமிடமும் கழுத்தைக் கவிழ்த்தபடி பார்க்க வேண்டாம்.

படுத்துக்கொண்டு பால் கொடுக்கவே கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதும் சரியல்ல. இரவில் ஒருக்களித்துப் படுத்து, குழந்தையையும் உங்களைப் பார்த்து ஒருக்களிக்க வைத்து, மூக்கு அழுந்தாமல் கொடுக்கலாம். சிசேரியன் ஆனவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அமுங்கும் மெத்தையை விடக் கெட்டியான படுக்கை நல்லது. குடித்து முடித்ததும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தால் மட்டும் இப்படிக் கொடுக்க வேண்டாம்.

பிரசவத்தின்போது மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், "முதுகில் போட்ட ஊசிதான் காரணம்" என்று சொல்லி விட்டுவிடுவது இன்னொரு தவறு. ஊசி போட்ட இடம் சில நாட்கள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் உண்டு. கர்ப்பத்தில் ஊறும் ஹார்மோன்கள் மூட்டு இணைப்புகளைத் தளர்த்துகின்றன. வயிற்றுத் தசை நீண்டு வலுவிழக்கிறது. அந்தச் சுமையும் முதுகின்மேல்தான் விழுகிறது. ஊசியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் சரிசெய்யக்கூடிய எதையும் சரிசெய்ய மாட்டோம்.

இந்த நிலையில்தான் நம் ஊரில் தண்ணீர்க் குடம் வந்து நிற்கிறது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளுவதும், இடுப்பில் ஒரு பக்கமாகக் குடம் சுமப்பதும், கடல்பாசி எடுக்கவும் கருவாடு காயப்போடவும் சீக்கிரமே திரும்பிப் போவதும் இங்கே சாதாரணம். வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குடம் தூக்குவது அவளுடைய வேலை மட்டும்தானா? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளும் கரையில் இருக்கும் ஆண்கள் தண்ணீர் வேலையை எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாளில் மாமியாரோ நாத்தனாரோ பால் குடித்து முடித்த குழந்தையை வாங்கிக்கொண்டால்கூடப் போதும், அவள் நிமிர்ந்து நாலு எட்டு நடப்பாள். எதையாவது தூக்கியே ஆக வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தரையில் இருந்து குழந்தையை எடுப்பதற்கும் இதே முறைதான்.

வயிற்றில் சேலையை இறுகக் கட்டினால் முதுகு உறுதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், தசை வேலை செய்தால்தான் வலுப்பெறும். மூச்சை வெளியே விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்துப் பிடிக்கும் பயிற்சியைச் சுகப்பிரசவம் ஆனவர்கள் சில நாட்களிலேயே தொடங்கலாம். சிசேரியன் என்றால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரை. பிரசவத்துக்குப் பிறகும் 6 மாதம் சாப்பிட வேண்டும் என்றுதான் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் அது அலமாரியிலேயே கிடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் வேறு நேரத்தில் சாப்பிடுங்கள். வலி மாத்திரையை மட்டும் நீங்களாகவே கடையில் வாங்க வேண்டாம். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்.

வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அல்லது கட்டுப்பாடில்லாமல் போனாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ராமேஸ்வரம் தீவுப் பக்கம் இருப்பவர்கள் பாம்பன் பாலம் தாண்டிப் போக வேண்டியிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.