“ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்போருக்குப் பதில் சொல்லும் முறை

ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில், காவிரியை மசக்கைக்காரியாக எண்ணிச் சித்திரான்னம் படைத்தபின், மூத்த சுமங்கலிகள் இளையவர்களின் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிவிடுவார்கள். எனக்குத் திருமணமான நான்காம் ஆண்டில், சரட்டை முடிந்துகொண்டே ஒரு பெரியம்மா, “ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்டார். கரு கலைந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம் அது. “மருத்துவரைப் பார்க்கிறோம்” என்று உளறிவிட்டேன். எந்த மருத்துவர், யாருக்குக் குறை என்று அடுத்தடுத்த கேள்விகள் ஈரப்படிகளிலேயே வந்து விழுந்தன.

ஆகவே, விசேஷ வீட்டுக்குப் புறப்படும் முன்பே கணவனும் மனைவியும் ஒரே பதிலைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “இருந்தால் உங்களிடம் சொல்லாமல் இருப்போமா, அத்தை?” என்பது எனக்குக் கைகொடுத்த பதில். அதில் பாசத்துக்குக் குறைவில்லை, விவரம் எதுவும் இல்லை. யார் கேட்டாலும் அதையே சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டு நலம் விசாரியுங்கள். பிள்ளை வரம் வேண்டித் திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் வாங்கிவரும் நெய்யை நினைத்து, “கருகாவூர் நெய் சாப்பிட்டாயா?” என்று அக்கறையோடு கேட்பவரிடம் வாதாட வேண்டியதில்லை, “சரிங்க” என்பதே போதும். குத்திக்காட்டிப் பேசுபவரிடம் மட்டும், “இந்தப் பேச்சு என்னை வருத்துகிறது, இனிக் கேட்காதீர்கள்” என்று நேராகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அது மரியாதைக் குறைவாகாது.

கணவர் வீட்டாருக்குக் கணவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குறை ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், காரணமே புலப்படாமலும் போகலாம். ஆனால் பழி பெண்மீதே விழுகிறது. ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்லுங்கள். ஆணுக்குரிய விந்துப் பரிசோதனை எளிதானது. அதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது பெண்ணுக்குச் செய்யும் அநீதி.

வளைகாப்புக்குப் போக மனம் ஒப்பவில்லை என்றால், முதல் நாள் மாலையே வளையலும் பூவும் கொடுத்து வாழ்த்திவிட்டு வரலாம். வளைகாப்பு நடத்தும் வீட்டாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: குழந்தை இல்லாதவள் என்று நீங்களாகவே அவளை ஒதுக்காதீர்கள், வருகிறாயா என்று அவளையே கேளுங்கள். வந்தால் மற்றவர்களைப் போலவே அவளையும் நலங்கு வைக்க அழையுங்கள். அவள் கையில் வளையல் போடும்போது, “அடுத்தது உனக்குத்தான்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லாதீர்கள்.