வெளிநாட்டு மாணவர்களோடு இணையத்தில் சேர்ந்து படிக்க வைப்பது: முதல் தடவை செய்யும் விரிவுரையாளர்களுக்கு

சூமில் இரண்டு நாட்டு மாணவர்களை ஒரு மணிநேரம் பேசவிட்டால் எல்லாரும் சிரிப்பார்கள், சாப்பாடும் பண்டிகையும் பேசுவார்கள், ஒரு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். பிற பண்பாட்டாரோடு பழகும் திறன் அதில் வளர்வதில்லை. சேர்ந்து ஒரு வேலை செய்து, அதில் எங்கே இடறினோம் என்று எழுதிப் பார்க்கும்போதுதான் வளர்கிறது. நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட கூட்டுப் படிப்புக்காகவே 2006 இல் ஒரு மையம் தொடங்கியது. வீசாவும் டிக்கெட்டும் கனவாக இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆறு கிழமை போதும்.

படி 1: துணை வகுப்பும் நேரமும்

துணை வகுப்பு என்பது நம்மோடு சேர்ந்து படிக்கும் வெளிநாட்டு வகுப்பு. அந்தப் பக்கத்தில் உங்களைப் போலவே ஆர்வமுள்ள ஒரு விரிவுரையாளர் இருந்தால் போதும். பெரிய ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். நேரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கொழும்பு ஜப்பானுக்கு மூன்றரை மணிநேரம் பின்னால். ஜெர்மனிக்குக் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணிநேரம் முன்னால். ஜெர்மனியில் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவார்கள். நம்முடைய போயா (பௌர்ணமி) விடுமுறைகளையும் முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுங்கள்.

படி 2: முதலில் நம் வகுப்புக்குள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கொழும்பில் ஒரே வகுப்பில் தமிழ், சிங்களம், முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். மூன்று வருடம் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தும் ஒருவர் வீட்டை மற்றவர் அறியாதவர்களும் உண்டு.

1997 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அமெரிக்க, பிரெஞ்சு மாணவர்களுக்காகத் தொடங்கிய ஒரு முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ‘குடும்பம்’, ‘ஆசிரியர்’, ‘சுதந்திரம்’ என்று சில சொற்களைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் மனதில் முதலில் வருவதைத் தங்கள் மொழியிலேயே எழுதட்டும். சிங்களத்தில் எழுதியதைத் தமிழ்ப் பிள்ளையும், தமிழில் எழுதியதைச் சிங்களப் பிள்ளையும் உதவியோடு மொழிபெயர்க்கட்டும். பிறகு மூடில் என்ற இணையப் பாடத்தளத்தில் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். விளக்கம் நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள். அதே சொற்களை அடுத்த கிழமை துணை வகுப்புக்கும் அனுப்புங்கள்.

படி 3: கண்டது, நினைத்தது, தீர்ப்பு

ஒரு படத்தை எடுங்கள். நான் வழக்கமாகக் காட்டுவது கொழும்பில் 138 ஆம் இலக்க பஸ்ஸுக்குள் எடுத்த ஒன்று. முன் சீட்டில் ஒரு பிக்கு. அவருக்குப் பக்கத்து இருக்கை காலி. கைப்பையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்து நிற்கிறார்.

மாணவர்கள் மூன்று பத்தி நிரப்ப வேண்டும். கண்டது: காலி இருக்கை, நிற்கும் பெண். நினைத்தது: இங்கேதான் கிளைகள் பிரியும். ‘அவரை உட்கார விடவில்லை’ என்று வெளிநாட்டுப் பிள்ளை எழுதக்கூடும். முன் இருக்கைகள் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டவை என்று ஒரு தமிழ்ப் பிள்ளை எழுதும். பெண்கள் பொதுவாகப் பிக்குவுக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை, அது மரியாதை என்று சிங்களப் பிள்ளை சேர்க்கும். அந்தப் பெண் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கப் போகிறவராகவும் இருக்கலாம். தீர்ப்பு: சரியா பிழையா என்பதைக் கடைசியில்தான் எழுத வேண்டும், அதுவும் யாரிடமாவது கேட்ட பிறகு.

படி 4: ஒரு கூட்டு வேலை

நாலு பேர் கொண்ட குழு, இரண்டு பேர் இங்கே, இரண்டு பேர் அங்கே. ‘வீட்டிலிருந்து வளாகத்துக்கு வந்துபோவது’ போன்ற சின்னத் தலைப்பு கொடுங்கள். செலவு, நேரம், பாதுகாப்பு எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஐந்து நிமிட வீடியோ ஒன்று முடிவில் வர வேண்டும்.

சிக்கல் வரும், வரட்டும். என் வகுப்பில் ஒரு மாணவியிடம் ‘வெள்ளிக்கிழமைக்குள் தொகுத்துத் தருவாயா?’ என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். ‘பார்ப்பம்’ என்று நாம் சொல்வதையே அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். மறுப்பைப் பதமாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு. அவர்களோ வெள்ளி இரவு வரை காத்திருந்தார்கள். கோபம் தணிந்த பிறகு, நேராக ‘முடியாது’ என்பதை நம் வீடுகளில் யார் யாரிடம் சொல்லலாம் என்று அரை மணிநேரம் பேசினோம். பாடத்திட்டத்தில் இல்லாத அந்த அரை மணிநேரம்தான் அந்தத் தவணையின் மிகச் சிறந்த வகுப்பு.

படி 5: கமெரா

கமெரா போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். டேட்டா செலவு ஒரு பக்கம். ஒரே அறையில் தம்பி தங்கையோடு இருந்து படிக்கிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஆனால் கறுப்புத் திரையை அந்தப் பக்கம் அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளும். காரணத்தை முதல் நாளே பிள்ளைகள் தாங்களே சொல்லட்டும். குரல் பதிவும் வட்ஸ்அப் குழுவும் இருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் சூமில் சந்திப்பது இரண்டு, மூன்று தடவை போதும்.

படி 6: புள்ளி போடுவது

வினாத்தாள் வேண்டாம். கிழமைக்கு அரைப் பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஆறாவது கிழமை, முதல் கிழமைக் குறிப்பைத் திருப்பிக் கொடுங்கள். இப்போது ஏற்காத வரிகளை வேறு நிறத்தில் கோடிட்டு, ஏன் என்று பக்கத்தில் எழுதட்டும். அழகான ஆங்கிலத்துக்கு அல்ல, அந்தக் கோடுகளுக்கும் பக்கத்தில் எழுதிய காரணங்களுக்கும்தான் நான் புள்ளி போடுகிறேன்.