அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு: 31 நாளில் நினைவு மலர் தயாரிக்கும் முறை

யாழ்ப்பாணத்து வழக்கில் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் போகும். பழைய ஆட்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள், இப்போது நினைவு மலர். செத்தவீட்டு அலைச்சலுக்கிடையில் அவசரத்தில் செய்வதால் பல மலர்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். பெண்களின் மலர்களில் இது இன்னும் மோசம். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மூன்று பக்கம் ஓடும். அவர் என்ன செய்தார், எப்படிப் பேசினார் என்பதற்கு ஒரு வரி கூட இராது.

முதலில் நாட்கணக்கு. அச்சகத்துக்கு ஒரு கிழமை விட வேண்டும், மெய்ப்புப் பார்க்க மூன்று நாள். ஆகவே 20ஆம் நாள் எழுத்து வேலை முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் பெரும்பாலும் எட்டாம் நாளை ஒட்டி வரும் எட்டுச் செலவோடு திரும்பிவிடுவார்கள். அதற்கு முன்பே அம்மாவின் சகோதரிகள், மச்சாள்மார், அயல்வீட்டு ஆச்சி ஆகியோரைத் தனித்தனியே இருத்தி, கைபேசியில் பதிவுசெய்யுங்கள். கூட்டமாகக் கேட்டால் குரல் பெரியவர் சொல்வதே எல்லோருடைய நினைவுமாகிவிடும்.

"அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுசி" என்ற பதில்தான் வரும். விடிய எழும்பினால் முதலில் என்ன செய்வார், எதற்குக் கோபம் வரும், சீட்டுக் காசை எங்கே ஒளிப்பார், யாரோடு கதைக்காமல் இருந்தார் என்று கேளுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ஊரறிந்த நிகழ்வில் கொண்டுபோய்க் கட்டுங்கள்: 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்னா பின்னா, பாணுக்கு வரிசையில் நின்ற 1970–77 காலமா, 1995 அக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வின்போது கடைசிப் பிள்ளைக்கு எத்தனை வயது? பிறந்த திகதியில் குழப்பம் அடிக்கடி வரும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு திகதி கொடுத்திருப்பார்கள், சாதகக் குறிப்பில் இன்னொன்று இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

அதிகம் பிழைக்கிற இடம், இறந்த நாளின் திதி. ஆண்டு நிறைவில் செய்யும் ஆட்டைத் திவசம் இதை வைத்தே வருமென்பதால் பிழை விட்டால் ஆண்டுதோறும் தொடரும். திதி நள்ளிரவில் மாறுவதில்லை. ஏறத்தாழ 20 முதல் 27 மணி நேரம் வரை நீளும். டொரன்டோவில் ஜூலை மாதம் இரவு 8 மணிக்கு உயிர் பிரிந்தால் இலங்கையில் அது மறுநாள் அதிகாலை 5.30. இலங்கைப் பஞ்சாங்கத்தை டொரன்டோ மணிக்கூட்டோடு பார்ப்பதுதான் வழமையான தவறு. நேரத்தை மாற்றிக்கொண்டு பாருங்கள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இருவகைப் பஞ்சாங்கங்களுக்கும் இடையில் சில மணி நேரம் வேறுபடும், உங்கள் குருக்கள் எதைப் பின்பற்றுகிறாரோ அதையே எடுங்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும்: 2025 மார்ச்சில் இறந்தவருக்கு ஆண்டு குரோதி, விசுவாவசு அல்ல. இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பட்சம், திதி, பெயர் ஐந்தும் வரவேண்டும். ஈற்றடி மூன்று சீராய் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடு ஒன்றில் முடியவேண்டும். யாப்புத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் தளை தட்டிய வெண்பாவை விட உரைநடையில் நாலு வரி மேல். மகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று அச்சகத்தில் ஆயத்தமாகக் கிடக்கும் பாட்டுகளில் பெயரை மட்டும் மாற்றிப் போடாதீர்கள்.

ஏ5 அளவில் நடுவில் கம்பி தைத்த புத்தகமென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 48 பக்கம் போதும். பஞ்சபுராணமும் (திருமுறைகளிலிருந்து ஐந்து பாடல்) 95 அடிச் சிவபுராணமும் வழக்கப்படி இடம்பெறட்டும், ஆனால் திருமுறை பாதிப் புத்தகத்தை விழுங்க விடாதீர்கள். அவை எங்கும் கிடைக்கும், அம்மாவின் ஒடியல் கூழ் கிடைக்காது. அவர் கண்மட்டத்தில் போட்ட அளவை எழுத ஒரே வழி, கூட நின்று சமைத்த மகளைச் சமைக்கவிட்டு, ஒவ்வொரு பொருளையும் போடுமுன் தராசில் நிறுப்பதுதான். "ஒரு சுண்டு" என்று பழைய அளவை மட்டும் எழுதினால் நோர்வேயிலிருக்கும் பேத்திக்கு விளங்காது. கிராமும் சேர்த்து எழுதுங்கள்.

பேரப்பிள்ளைகளிடம் ஆளுக்கு 150 சொல் கேளுங்கள், ஒரே ஒரு சம்பவம். அம்மம்மா, அப்பம்மா, அப்பாச்சி என்று அவர்கள் கூப்பிட்டபடியே இருக்கட்டும். பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ எழுதித் தந்தால் மூலத்தையும் போட்டுக் கீழே தமிழைக் கொடுங்கள். தமிழை மட்டும் போட்டால் அந்தப் பிள்ளையின் குரல் போய்விடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். மின்னஞ்சலில் கோப்பாகக் கேளுங்கள். அச்சில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். 10×15 சென்டிமீட்டர் படத்துக்குக் குறைந்தது 1200×1800 புள்ளி. கிடைத்தது ஒரேயொரு பாஸ்போட் அளவுப் படமா? 1200 டிபிஐயில் ஸ்கான் செய்தால் நான்கு மடங்கு பெரிதாக்கலாம், கிட்டத்தட்ட முழுப் பக்கம் வரும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தை உரிக்கவே கூடாது, நிறம் கண்ணாடியோடு போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியோடு சேர்த்துப் படமெடுங்கள்.

அச்சகம் யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வேலை செய்தால், யூனிகோட்டிலிருந்து மாற்றும்போது கொம்பு இடம் மாறும், ரகரத்துக்குப் பதில் கால் வந்து விழும். மெய்ப்பை கைபேசியில் பார்க்காமல் தாளில் எடுத்து, குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடமும் கொடுங்கள். வீட்டாருக்குப் பெயர்ப் பிழை கண்ணில் படாது.

வம்சாவளியில் ஒரு பெயர் விடுபட்டால் வருடக்கணக்கில் கதையிராது. ஒவ்வொரு கிளைக்கும் அந்தப் பக்கத்தைத் தனியே அனுப்பி, தொலைபேசியில் வாசித்துக் காட்டிச் சரி வாங்குங்கள். காலஞ்சென்றவர்கள் யார் என்பதையும் கேளுங்கள். உயிரோடிருப்பவரை அமரர் ஆக்கிய மலர்கள் உண்டு. உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, முகவரி வேண்டாம். வங்கிகள் அடையாளம் சரிபார்க்கக் கேட்பவை அவை.

பிரதிகளை ஆட்கணக்கில் எண்ணாமல் வீட்டுக்கணக்கில் எண்ணி, மேலதிகமாக 25 அடியுங்கள். அச்சுக்குக் கொடுத்த பிடிஎஃப் கோப்பை அச்சகத்திடமிருந்து அன்றைக்கே வாங்கிவிடுங்கள், அடுத்த மாதம் கேட்டால் அழித்துவிட்டோம் என்பார்கள். அதையும் ஒரு பிரதியையும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்கு அனுப்பலாம். நினைவு மலர்களை அவர்கள் தனிப் பகுதியாகவே சேர்த்து வைக்கிறார்கள்.