ஐடில் வால்வு மாற்றப் போய் ஸ்டாப் ஸ்க்ரூவைக் கெடுக்காதீர்கள்

டேவூ மேட்டிஸ், சீலோ போன்ற கேபிள் த்ராட்டில் வண்டி சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறதா? புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களின் கை நேராக ஐஏசி வால்வுக்குத்தான் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காத ஐடிலில் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) போகும். இரண்டு ஸ்க்ரூ, ஒரு கப்ளர், வேலை முடிந்தது. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்ற வேண்டும் என்பது தெரிந்ததுதான், அதைச் சொல்ல இதை எழுதவில்லை. இந்த வேலையில் நடக்கும் தவறுகளைச் சொல்லத்தான்.

ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுவது

த்ராட்டில் லீவர் வந்து முட்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஐடில் குறைந்தால் அதை அரைச் சுற்று ஏற்றிவிட்டு வண்டியை அனுப்புவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், இன்னும் போகவில்லை. அன்றைக்கு வண்டி நிற்காமல் ஓடும். ஆனால் த்ராட்டிலுக்குள் காற்றை அடைக்கும் பிளேட் இனி முழுதாக மூடாது. அந்தக் காற்றை ஈடுகட்ட ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஐஏசி வால்வை மூடிக்கொண்டே வரும்.

பிறகொரு நாள் த்ராட்டில் பாடியில் கார்பனைச் சுரண்டி, புது வால்வும் போடுவார்கள். ஐடில் 1,400 ஆர்பிஎம்முக்குப் போய் அங்கேயே நிற்கும். ஸ்கேனரில் ஐஏசி ஸ்டெப் (வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்ற கணக்கு) பூஜ்யம் காட்டும். அதாவது வால்வு முழுக்க மூடியாயிற்று, இனி மூட வழியில்லை. உடனே “டூப்ளிகேட் வால்வு” என்று கடைக்காரரோடு சண்டை, இன்னொரு வால்வு, அடுத்து சென்சார், கடைசியில் ஈசியூ. அரைச் சுற்றுக்கு இவ்வளவு செலவு!

எனவே வால்வு வாங்குமுன் ஸ்க்ரூவைப் பாருங்கள். பெயின்ட் சீல் உடைந்திருந்தால், திரெட்டில் ஸ்பேனர் பட்டிருந்தால், யாரோ தொட்டிருக்கிறார்கள்.

ஏர் லீக்கும் இதே பூஜ்யத்தைத்தான் காட்டும். பிரித்தறிய, ஐடிலில் ஏர் ஹோஸைக் கழற்றி, த்ராட்டில் வாயைத் தடித்த ரப்பர் ஷீட்டால் மூடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் காற்று பிளேட் வழியாக வருகிறது. விடாமல் ஓடினால் லீக்தான்; பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் புகையை எஞ்சினுக்குத் திருப்பும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

திருகிய ஸ்க்ரூவின் பழைய இடம் யாருக்கும் தெரியாது. பிளேட்டைச் சுத்தம் செய்து, ஸ்க்ரூவை லீவரில் படாதவரை தளர்த்தி, தொடும் வரை கொண்டுவந்து, பிளேட் த்ராட்டில் துளையில் சிக்காத அளவுக்கு ஒரு துளி மட்டும் ஏற்றுங்கள். எஞ்சின் சூடான பின், ஏசி அணைத்த நிலையில் ஸ்டெப் பூஜ்யத்தை விட்டு மேலே வந்திருக்க வேண்டும்.

வால்வு ஊசியின் நீளம் பார்க்காமல் மாட்டுவது

இந்த ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வகை வால்வில் ஊசி முனைக்கும் ஃபிளாஞ்சுக்கும் (த்ராட்டில் பாடியில் பதியும் விளிம்பு) இடையே 28 மி.மீ.க்கு மேல் இருந்தால், விரலால் லேசாக ஆட்டிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். அப்படியே மாட்டி முறுக்கினால் ஊசி சீட்டில் முட்டி, அதன் திரெட் போய்விடும். தள்ளுவது புது வால்வில் மட்டும். ஓடிய வால்வின் ஊசியைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது.

வால்வைக் கிளீனரில் ஊறவைப்பது

உள்ளே இருக்கும் காயில் கெட்டுப்போகும்.

பழைய ஓ-ரிங்

தூக்கிப் போடுங்கள். புதியதற்கு ஒரு சொட்டு எஞ்சின் ஆயில்.

வால்வின் ஸ்க்ரூவை இறுக்கித் தள்ளுவது

3 நியூட்டன் மீட்டர் போதும். த்ராட்டில் பாடி அலுமினியம்.

மாட்டிய கையோடு ஸ்டார்ட் செய்வது

சாவியை 5 விநாடி ஆன், 10 விநாடி ஆஃப். பிறகு ஸ்டார்ட்.